பங்களாத் தொட்டியின் பாசி

என் முதல் குழந்தை தவழத் தொடங்கியிருந்த சமயத்தில், இலங்கைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என்னைத் துரையின் பங்களாவுக்கு ஆயாவாக அனுப்பினார்கள். அதுவரை அங்கே ஆயாவாக இருந்தவள் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டாள். எங்கள் குடியுரிமை பறிபோன அந்த வருடங்கள் அப்படித்தான் இருந்தன. இன்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் அடுப்பு ஊதிக்கொண்டிருப்பவர்கள் நாளைக்கு மூட்டை கட்டுவார்கள். யார் இருப்பார்கள், யார் போவார்கள் என்று ஒருவருக்கும் நிச்சயமில்லை.

“கை சுத்தமா, வாய் அடக்கமா ஒரு பொம்பள வேணும்னு தொரசாணி கேக்குறாங்க” என்று கங்காணி எங்கள் வாசலில் நின்று சொன்னார். கை சுத்தம் என்னிடம் இருந்தது. வாய் அடக்கம் என்றதும் என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

மலையில் வேலை செய்தபோது காலையில் ஒருமுறையாவது பிள்ளைக்காம்பராவுக்கு ஓடிப்போய்க் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வரலாம். வேலைக்குப் போகும் தாய்மார் எல்லோரும் பிள்ளைகளை அங்கேதான் விடுவோம். ஒரு கிழவி பார்த்துக்கொள்வாள். பங்களாவில் அந்த ஓட்டம் கிடையாது. விடிந்ததும் ஏறினால் சாயங்காலம்தான் இறங்க முடியும். முற்பகலில் மார்பு கனத்துக் கல்லாகும். ரவிக்கை நனையும். நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்கு நடந்துகொண்டிருப்பேன். எந்த ஜன்னலில் நின்றாலும் பிள்ளைக்காம்பராவின் தகரக்கூரை சவுக்கு மரங்களுக்குக் கீழே ஒரு மூலையில் தெரியும். தெரிவதுதான் பெரிய தொல்லை. தெரியாமலிருந்தால் கொஞ்சமாவது உட்கார்ந்திருப்பேன்.

நான் பார்த்துக்கொள்ள வேண்டியது துரையின் ஒரே மகளை. ஏழு வயதுப் பெண். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் இடது கால் செத்துப்போய், பிறகு பாதி உயிர் வந்திருந்தது. அந்தக் காலில் இரும்புப் பட்டை போட்ட சப்பாத்து. நடக்கும்போது மரத்தரையில் ‘டக், டக்’ என்று கேட்கும். வெள்ளைக்காரப் பிள்ளைதான், ஆனால் பிறந்ததிலிருந்து ஆயா இடுப்பில் வளர்ந்ததால் லயத்துப் பிள்ளை மாதிரியே தமிழ் பேசும். முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீங்க எப்ப இந்தியாவுக்குப் போவீங்க?” என்று கேட்டது.

“நான் போகல, பாப்பா.”

“பழைய ஆயாவும் அப்படித்தான் சொன்னாங்க.”

பங்களாவுக்குப் பின்னால் சீமெந்தால் கட்டிய குளம் ஒன்று இருந்தது. நீச்சல் குளம் என்ற சொல்லைப் பல வருடம் கழித்துப் பத்திரிகையில்தான் படித்தேன். எங்களுக்கு அது பங்களாத் தொட்டி. யாரோ ஒரு பழைய துரை கட்டியது. மேலே ஓடையைத் திருப்பி, இரும்புக் குழாயில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார்கள். குழாய் மெலிசு, தொட்டி நிறையப் பல நாள் ஆகும். ஆழமான பக்கத்துக் கரையில் ஒரு குழி, அதற்கு மரப்பலகை மூடி. குழிக்குள் இருக்கும் இரும்புச் சக்கரத்தைத் திருப்பினால் அடித்துவாரம் திறந்து, தண்ணீர் சரிவில் விழுந்து மறுபடி ஓடையில் சேரும். அந்த ஓடைதான் கீழே, பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில், பீலியாகக் கொட்டியது. மூங்கிலைப் பிளந்து வைத்த பீலி. லயத்துச் சனங்கள் குடிப்பது, சமைப்பது, குழந்தைகளுக்குக் கொடுப்பது எல்லாம் அதில் பிடித்த தண்ணீர்தான்.

தண்ணீருக்குள் காலை அசைத்துப் பழகினால் நரம்பு இறுகாது என்று கொழும்பு வைத்தியர் சொல்லியிருந்தார். அதனால் வெயில் ஏறியதும் பிள்ளையைத் தொட்டிக்குள் இறக்க வேண்டும். துரைசாணி மார்பளவு தண்ணீரில் நின்று பிள்ளையின் வயிற்றைத் தாங்கிப் பிடிப்பாள். நான் படியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அதன் பாதத்தைப் பிடித்து மடக்கி நீட்டுவேன். மலைத் தண்ணீர் எலும்பைக் குத்தும். பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. தரையில் ‘டக், டக்’ என்று இழுத்து நடக்கும் பிள்ளை, தண்ணீருக்குள் போனதும் வாளை மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும். அந்த நேரத்தில் மட்டும் துரைசாணியின் முகம் தெளியும். மற்ற நேரமெல்லாம் அவளும் என்னைப்போல ஜன்னல் ஜன்னலாக நடப்பவள்தான்.

அந்த வருடம் பனிக்காலம் முடிந்து வெயில் பிடித்ததும் தொட்டியில் பாசி கட்டியது. முதலில் சுவர் ஓரத்தில் பச்சையாக ஒரு கோடு. பிறகு தண்ணீரே முருங்கைக் கீரை வேகவைத்த தண்ணீர் மாதிரி ஆனது. படிகளில் கையை வைத்தால் விலாங்கு மீனைத் தொட்ட மாதிரி நழுவும். தோட்டக்கார அண்ணனிடம் சொன்னேன். அவர் இளைப்புக்காரர், மூச்சு வாங்கிக்கொண்டே, “வெயில் கொறஞ்சா அதுவா போயிரும், தங்கச்சி” என்றார்.

அதுவாகப் போகவில்லை. ஒரு காலை பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது நல்ல கால் வழுக்கியது. என் பிடியும் வழுக்கியது. படியின் விளிம்பில் முகவாய் அடிபட்டு ரத்தம் பச்சைத் தண்ணீரில் இழை இழையாக ஓடியது. நான் பிள்ளையை அள்ளிக்கொண்டு வெளியே வருவதற்குள் நானும் இரண்டு தடவை விழுந்தேன்.

“நீ பாக்க இல்ல! நீ எங்க பாத்தது?” என்று துரைசாணி தன் அரைகுறைத் தமிழில் கத்தினாள்.

“பாத்துக்கிட்டேதாம்மா இருந்தேன். பாசி வழுக்கிருச்சு.”

டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு வண்டியில் தூக்கிப்போய்த் தையல் போட்டுக்கொண்டு வந்தார்கள். தையல் பிரிக்கும் வரை தண்ணீர் கூடாது. அதற்குள் தொட்டி சுத்தமாக வேண்டும் என்று துரைசாணி எங்கள் இருவரிடமும் சொல்லிவிட்டாள்.

சக்கரத்தைத் திருப்பினோம். தண்ணீர் இறங்க இறங்கச் சுவரெல்லாம் பாசி மயிர் மயிராகத் தொங்கியது. அண்ணனும் நானும் தேங்காய்நார்த் தும்புக்கட்டையும் செங்கல் துண்டும் வைத்துத் தேய்த்தோம். அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்தோம். முழங்கால் தோல் உரிந்தது. பச்சை போய்ச் சீமெந்து வெளியே வந்தபோது ஒரு திருப்தி இருக்கத்தான் செய்தது. ஆனால் படிக்குக் கீழேயும் மூலைகளிலும் சீமெந்து பொரிந்து சிறு சிறு குழிகளாக இருந்தது. அந்தக் குழிகளுக்குள் கறுப்பாக வேறொரு பாசி. தேய்த்தால் மேலே மழுங்கும். உள்ளே வேர் பிடித்த மாதிரி அப்படியே இருக்கும். கத்தி முனையால் நோண்டினேன். குழிதான் பெரிதானது.

அன்று சாயங்காலம் நான் குழந்தையைத் தூக்கப் பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கினால், பீலியடியில் ஒரு கூட்டம். எல்லோருடைய குடத்திலும் பச்சை நூல் நூலாக மிதக்கிறது.

“வாடியம்மா, பங்களாக்காரி! தொரசாணி குளிச்ச அழுக்கத்தான் நாங்க குடிக்கணுமா?” என்றாள் ஒருத்தி. கொழுந்து மலையில் என் பக்கத்து நிரையில் பறித்தவள்தான்.

“பாசிதாங்க்கா. காலையில தெளிஞ்சிரும்.”

“தெளியிற வரைக்கும் ஒன் வீட்டுக் கொடத்துல மட்டும் பால் வருதாக்கும்?”

நானும் அதே தண்ணீரைத்தான் வடிகட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

தொட்டி மெதுவாக நிறைந்தது. தையல் பிரித்தார்கள். பிள்ளை தண்ணீரில் இறங்கி ஒரு வாரம் போயிருக்காது, சுவரில் மறுபடி அந்தப் பச்சைக் கோடு. இந்த முறை துரைசாணி சுண்ணாம்பு போடச் சொன்னாள். தண்ணீரை இறக்கி, சுண்ணாம்பைக் கரைத்துச் சுவரெல்லாம் பூசினோம். என் விரலிடுக்கு வெந்து போனது. பூசியதை ஊறவைத்துக் கழுவிவிட்டோம். அந்தக் கழுவிய தண்ணீரும் ஓடைக்குத்தான் போனது. வேறு எங்கே போகும்? அடுத்த இரண்டொரு நாளில் பிள்ளைக்காம்பராவில் ஐந்தாறு குழந்தைகளுக்கு வயிற்றால் போனது. என் பிள்ளைக்கும் போனது. கண் குழிவிழுந்து, தலை தோளில் நிற்காமல் துவண்டு கிடந்தது. தோட்டத்து மருந்துக்காரர் ஒரு போத்தல் கலவை கொடுத்துவிட்டு, “இந்த சீசன்ல வர்றதுதான்” என்றார். பிள்ளை மெல்லத் தேறியது. சுண்ணாம்பினாலா, சீசனாலா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் குழி மூடியைத் தாண்டும்போதெல்லாம் என் கண் கீழே தகரக்கூரைக்குப் போகும்.

சுண்ணாம்புக்கும் பாசி அடங்கவில்லை. தண்ணீர் நிறைந்து வெயில் பட்டதும் குழிகளிலிருந்து கறுப்பு மேலே வந்தது. அதன் மேல் பச்சை ஏறியது. துரைசாணி மறுபடி பிள்ளையை இறக்க மறுத்துவிட்டாள். தண்ணீரில்லாத நாட்களில் பிள்ளையின் கால் இறுகிக்கொண்டே வந்தது. நான் எண்ணெய் போட்டு நீவும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, “ஆயா, மெதுவா, மெதுவா” என்று அழும். மழைக்காலம் தொடங்கிவிட்டால் பிறகு மாதக்கணக்கில் தொட்டியில் இறங்க முடியாது. துரைசாணி வானத்தைப் பார்ப்பாள், தொட்டியைப் பார்ப்பாள், பிள்ளையைப் பார்ப்பாள். ஒரு சுருட்டை முடியைப் பிடித்து விரலில் சுற்றிச் சுற்றி இழுப்பாள். அங்கே நெற்றியோரத்தில் முடியே மெலிந்துவிட்டது.

அப்போதுதான் துரை நீல மருந்தை நினைத்தார். தேயிலைக்குக் கொப்புள நோய் வந்து, மலை மலையாக மருந்தடிக்கத் தொடங்கியிருந்த காலம். செம்பு சேர்ந்த மருந்து. என் கணவர் மருந்தடிக்கிற கூட்டத்தில்தான் இருந்தார். முதுகில் பம்பைச் சுமந்து அடித்துவிட்டு வந்தால் அவருடைய சட்டை, நகக்கண், காதோரம் எல்லாம் நீலம் படிந்திருக்கும். ஸ்டோரிலிருந்து மயில்துத்தம் ஒரு தகர டப்பா கொண்டுவரச் சொல்லி அவரைத்தான் அனுப்பினார்கள். கரைத்து ஊற்றியதும் அவர்தான். கரையில் நின்று வாளியைச் சாய்த்தபடி என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

“கை வைக்காத புள்ள. போன மாசம் ஒருத்தன் கை கழுவாம ரொட்டி தின்னுட்டு நாள் பூரா வாந்தி எடுத்தான்.”

“அப்ப இந்தத் தண்ணி?”

“இது கொஞ்சம்தானே. அவ்வளவு தண்ணியில என்னா செய்யும்னு யாருக்குத் தெரியும்.”

மருந்து வேலை செய்தது. மறுநாளே பச்சை மங்கியது. அடுத்த நாள் பாசி பழுப்பாகிச் சுவரைவிட்டுக் கழன்று, தீய்ந்த இலை மாதிரி அடியில் படிந்தது. குழிக்குள் இருந்த கறுப்புகூட வெளுத்தது. தண்ணீர் கண்ணாடியானது. அடியில் விழுந்து கிடந்த ஒரு தேயிலை இலையின் நரம்பு வரை தெரிந்தது. துரைசாணி கைதட்டிச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கரையோரம் சில தவளைகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதப்பதைப் பார்க்கும் வரை.

பிள்ளையை அந்த மருந்துத் தண்ணீரில் இறக்க முடியாதென்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. எல்லாவற்றையும் திறந்துவிட்டு, கழுவி, புதுத் தண்ணீர் நிறைக்க வேண்டும். துரை அதிகாலையிலேயே மேல் மலைக்குப் போயிருந்தார். காலைச் சாப்பாடு முடிந்ததும் துரைசாணி வந்து, தோட்டக்கார அண்ணனிடம் கையால் சைகை காட்டினாள். திற.

அண்ணன் குழியை நோக்கி நடந்தார். நான் முந்திக்கொண்டேன். யோசித்துச் செய்ததென்று சொல்ல மாட்டேன். கால் தானாகப் போய்விட்டது. பலகை மூடியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

“தங்கச்சி, எந்திரி” என்றார் அண்ணன், உதடு அசையாமல்.

“நீ என்ன செய்யுது?” என்றாள் துரைசாணி.

“அம்மா, இந்தத் தண்ணி பீலிக்குத்தாம்மா போகுது. பிள்ளைக்காம்பரா பீலிக்கு. எம் புள்ள அதத்தாம்மா குடிக்குது.”

அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ. “ஓட தண்ணி நெறைய. கலந்து போகும். ஒண்ணும் இல்ல” என்றாள்.

“இருக்கலாம்மா. எனக்குத் தெரியாது. தவள செத்துக் கெடக்குது, பாருங்க.”

‘டக், டக்’ என்று சத்தம் கேட்டது. பிள்ளை வராந்தாவிலிருந்து இறங்கி வந்து, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு தாயிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னது. நான் சொன்னதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். துரைசாணியின் முகம் சிவந்தது. பிள்ளையின் காலைச் சுட்டிக் காட்டினாள், வானத்தைச் சுட்டிக் காட்டினாள், வேகமாக என்னென்னவோ பேசினாள். பிள்ளை எனக்குத் திருப்பிச் சொன்னது.

“மம்மி சொல்றாங்க, மழை வரப்போவுதாம். எனக்கு நாளே இல்லையாம். ஒங்களுக்கு என் மேல எரக்கமே இல்லையான்னு கேக்குறாங்க.”

அது நெஞ்சில் தைத்தது. அந்தக் காலைத் தினமும் நீவியவள் நான். எந்த இடத்தில் பிடித்தால் வலிக்கும் என்று அந்தத் தாய்க்குத் தெரிவது போலவே எனக்கும் தெரியும். தலையைக் குனிந்துகொண்டேனே தவிர எழுந்திருக்கவில்லை.

“போ” என்றாள் துரைசாணி. “வேல இல்ல. நீ போ.”

“போறேம்மா. தொர வந்ததும் போறேன்.”

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் என்னைப் பார்த்தார். அவருக்கும் கீழ் லயத்தில் பேரப்பிள்ளைகள் இருந்தன. “நான் போயித் தொரய கூட்டிட்டு வாறேன், தொரசாணி” என்று சொல்லிவிட்டு, அந்த இளைப்போடு அவர் நடந்த நடையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அவர் மேல் மலைக்குப் போகும் வழியில் லயத்தையும் தொட்டுக்கொண்டு போயிருக்கிறார். எனக்கு அது தெரியாது. நான் பாட்டுக்குப் பலகை மேல் உட்கார்ந்திருந்தேன். ஓரிடத்தில் உட்காருவது எனக்கு வராத காரியம். கால் மரத்தது. மார்பு கல்லாகி வலித்தது. துரைசாணி தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். ஒருமுறை எனக்கு நேரே வந்து நின்று, என் நனைந்த ரவிக்கையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நல்லதண்ணிப் பக்கத்து மலை முகட்டில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் எனக்கு இன்னொரு பயம் பிடித்தது. தொட்டியின் மேல் விளிம்பில் ஒரு துவாரம் உண்டு. நிறைந்தால் அதன் வழியாகத் தண்ணீர் தானே வழியும். அதுவும் ஓடைக்குத்தான். பெரிய மழை பெய்தால் நான் இங்கே உட்கார்ந்து என்ன, எழுந்து என்ன?

பேச்சுச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். பங்களா கேட்டுக்கு வெளியே பெண்கள். வெறுங்குடங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு வரிசையாக நின்றார்கள். உள்ளே வரவில்லை. சத்தமும் போடவில்லை. அன்று பீலியடியில் என்னை ஏசியவள்தான் முன்னால் நின்றாள். என்னைப் பார்த்து, “இரு. எந்திரிக்காத” என்று மட்டும் சொன்னாள். துரைசாணி அவர்களைப் பார்த்ததும் பிள்ளையைத் தன் பாவாடையோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அவள் பயந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அவர்களோ அவளைப் பார்க்கவேயில்லை, தண்ணீரைத்தான் பார்த்தார்கள். அவ்வளவு தெளிவாக இருந்தது அது.

துரை மோட்டார் சைக்கிளில் வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் முகம் கடுகடுத்தது. “என்ன விஷயம்? வேலைக்குப் போக இல்ல?” என்றார்.

முன்னால் நின்றவள் குடத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். “தண்ணிக்கு வந்தோம், தொரைகளே. கீழ பிடிக்கப் பயமா இருக்கு.”

அவர் என்னிடம் வந்தார். நான் எழுந்து நின்றேன், ஆனால் பலகையை விட்டு இறங்கவில்லை. துரைசாணி பேசினாள். பிள்ளையும் இடையில் பேசியது. அவர் தொட்டியை எட்டிப் பார்த்தார். செத்த தவளையைச் சப்பாத்து நுனியால் தள்ளினார். சரிவில் இறங்கி, அடித்துவாரத் தண்ணீர் விழும் குழாய் வாயையும் ஓடையையும் பார்த்துவிட்டு வந்தார். மேலே மேகத்தைப் பார்த்தார். மருந்தடிக்கும் கூட்டத்தை நிறுத்தி, எல்லோரும் மண்வெட்டியோடு வரட்டும் என்று, அப்போதுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்த அண்ணனிடம் கத்தினார். குழாய் வாயிலிருந்து பக்கவாட்டில் வாய்க்காலாக ஒரு கான் வெட்டி, தண்ணீரைச் சரிவின் மறுபக்கம் மானாப்புல் சதுப்புக்குத் திருப்ப வேண்டும். அங்கே ஓடையும் இல்லை, லயமும் இல்லை. நான் சொன்னது சரியென்று அவர் நினைத்தாரா, இல்லை கேட்டடியில் கூட்டம் நிற்பது பொறுக்காமல் செய்தாரா, இன்றுவரை தெரியாது. ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

ஆண்கள் வந்தார்கள். என் கணவர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“என்னா வேல பாத்துட்ட நீ!”

“வெட்டுங்க மொதல்ல. மழ வருது.”

கான் போகும் வழியில் துரைசாணியின் காய்கறித் தோட்டம் இருந்தது. முட்டைக்கோசும் லீக்ஸும் பாத்தி பாத்தியாக நின்றன. நேராக அதன் நடுவே வெட்டினார்கள், சுற்றிப்போக நேரமில்லை. பாதி வெட்டும்போதே தூறல் விழுந்தது. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு வெட்டினார்கள். பெண்கள் குடங்களைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்து, வெட்டிய மண்ணைக் கையால் அள்ளிக் கரை போட்டார்கள். நானும் அள்ளினேன். தொட்டி நீர் மேல் துவாரத்துக்கு விரல்கடை தூரத்தில் நின்றது. அதை எட்டிப் பார்ப்பதும் மண் அள்ளுவதுமாக ஓடினேன். துரைசாணி வராந்தாவில் நின்று தன் கோசுகள் சேற்றில் உருள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மழையில் இறங்கி வந்து, வேரோடு பெயர்ந்து கிடந்தவற்றைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். போட்ட கூடையை, என்ன செய்வதென்று தெரியாத மாதிரி, பெண்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

பொழுது சாயும்போது கான் முடிந்தது. அண்ணன் சக்கரத்தைத் திருப்பினார். தண்ணீர் சீறிக்கொண்டு வந்து, புது மண்ணைக் கரைத்துச் செந்நிறமாகி, கோசுப் பாத்திகளுக்கு நடுவே ஓடி மறு சரிவில் இறங்கியது. ஓரிரு இடத்தில் கரை உடையப் பார்த்தது. என் கணவர் தன் கம்பளியையே சுருட்டி அடைத்தார். பாதித் தண்ணீர் இறங்கியதும் நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஓட ஆரம்பித்தேன். சேற்றில் சறுக்கி, தேயிலைச் செடியைப் பிடித்து எழுந்து, பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கினேன். கிழவி காலையிலேயே சேதி கேட்டு, மேல் ஓடையிலிருந்து தண்ணீர் தூக்கிவரச் செய்திருந்தாள். என் பிள்ளை பசியில் அழுது களைத்துத் தூங்கியிருந்தது. எழுப்பிப் பால் கொடுத்தேன். கட்டிப்போன பால் முதலில் வரவில்லை. பிள்ளை கோபத்தில் கடித்தது. நான் வாய்விட்டு அழுதேன், எதற்கென்று தெரியாமல்.

மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்து, கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போனேன். வேலையில்லை என்று சொல்லிவிட்டார்களே. சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அண்ணன் மலைக்கே வந்தார்.

“பிள்ள வேற யாரு கையையும் பிடிச்சு எறங்க மாட்டேங்குது, தங்கச்சி. தொரசாணி வரச் சொன்னாங்க.”

“எம் புள்ளையும் வரும்னு சொல்லுங்கண்ணே. அதையும் தூக்கிக்கிட்டு வர்றதுன்னா வாறேன்.”

அந்தப் பதில் கங்காணியைத் திடுக்கிட வைத்தது. “யாருகிட்ட நிபந்தன போடுற நீ?” என்றார். பதிலுக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் நான் எத்தனை கொழுந்து பறித்தேன், எத்தனை முற்றிய இலையைச் சேர்த்துப் பறித்து ஏச்சு வாங்கினேன் என்று கேட்காதீர்கள். கடைசியில், சரி, வரட்டும் என்று சேதி வந்தது.

மழைக்காலம் இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை. தொட்டிக்கரையில் சவுக்கு மரத்தில் சேலையால் தூளி கட்டினேன். துரைசாணி அதைப் பார்த்துவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினாள். அன்று நடந்ததைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதேயில்லை. ஆனால் முதல் நாள் தண்ணீருக்குள் நிற்கும்போது தூளியில் என் பிள்ளை சிணுங்கியது. அவள் வெயிலைப் பார்த்துவிட்டு, “போ, பால் குடு” என்றாள். நான் பால் கொடுத்துவிட்டு வரும் வரை தன் மகளின் பாதத்தை அவளே பிடித்துக்கொண்டிருந்தாள்.

பாசி ஒழிந்ததா என்று கேட்டால், இல்லை. படிக்குக் கீழே, அதே குழிகளில், கறுப்பு மறுபடி புள்ளி வைத்தது. இந்தத் தடவை ஒருவரும் மருந்தென்று வாயெடுக்கவில்லை. குழிகளைச் சீமெந்து பூசி அடைத்தோம். பிறகும் தினம் காலையில், பிள்ளை எழும் முன், நான் ஒரு பக்கமும் அண்ணன் ஒரு பக்கமுமாகச் சுவரைத் தும்புக்கட்டையால் தேய்த்தோம். தேய்க்காத அன்று வழுக்கும். அண்ணனுக்கு இளைப்பு அதிகமான ஒரு வாரம் துரைசாணியே பாவாடையைச் சொருகிக்கொண்டு இறங்கி அவருடைய பக்கத்தைத் தேய்த்தாள். நன்றாகத்தான் தேய்த்தாள். ஆனால் அவசரம். ஒரே இடத்தில் நின்று தேய்க்க அவளாலும் முடியாது. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம். பிறகு நான் போய் விட்டுப்போன இடங்களைத் தேய்ப்பேன்.

அடுத்த வருடம் அவர்கள் சீமைக்குப் போனார்கள். தோட்டம் வேறு துரைக்கு மாறியது. பிள்ளையின் கால் வைத்தியர் சொன்ன அளவுக்குத் தேறவில்லை, இறுகவும் இல்லை. காரில் ஏறப்போகும்போது என் சேலையைப் பிடித்துக்கொண்டு, “நீங்கதான் போகலன்னு சொன்னீங்க. இப்ப நான் போறேன்” என்று சொல்லிச் சிரித்தது. பிறகு முகம் கோணி அழுதது. துரைசாணி என் குழந்தையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.

கார் வளைவில் மறைந்த பிறகு எனக்கு அன்று செய்ய வேலையில்லை. பெரட்டுக்கு நேரம் போய்விட்டது. பங்களாவில் நிற்க முடியவில்லை, லயத்துக்குப் போகவும் கால் வரவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கி டிக்கோயாவுக்கு நடந்தேன். அங்கே எனக்கு ஒரு காரியமும் கிடையாது. கடைத்தெருவை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தேன். தேத்தண்ணிக் கடையில் நின்று ஒரு கோப்பை வாங்கி, ஆற்றி, குழந்தைக்கும் கொஞ்சம் கொடுத்தேன். நல்லதண்ணிப் பக்கம் மலை ஏற யாத்திரை போகும் பஸ் ஒன்று நிறைய ஆட்களோடு போனது. அதையும் பார்த்தேன். பிறகு வந்த வழியே நடந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது என் கணவர் வாசலில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

“எங்க போன இவ்வளவு நேரம்?”

“டிக்கோயாவுக்கு.”

“என்னாத்துக்கு?”

“சும்மா நடந்துட்டு வந்தேன்” என்றேன். அவர் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, நான் உட்காருவதற்கு வாசற்படியில் இடம் விட்டு நகர்ந்து நின்றார். நான் உட்காரவில்லை. அடுப்பைப் பற்றவைக்க உள்ளே போனேன்.